தாத்தா பாட்டி, கைக்குழந்தை, ஸ்ட்ரோலர் சகிதம் சதர்ன் ரிட்ஜஸ்: சிங்கப்பூரில் குடும்பத்தோடு ஒரு நாள் நடக்க முழு வழிகாட்டி

ஊரிலிருந்து அப்பா அம்மா சிங்கப்பூருக்கு வந்தால் முதல் இரண்டு வாரத்தில் மெர்லயன், செந்தோசா, கார்டன்ஸ் பை த பே, முஸ்தபா எல்லாம் பார்த்து முடித்துவிடுவோம். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று தெரியாமல் மறுபடியும் ஏதாவது ஒரு கடைத்தொகுதிக்குப் போய், ஏசியில் உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு வருவோம். அப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சதர்ன் ரிட்ஜஸுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது, முன்பதிவு கிடையாது, எம்ஆர்டி ரயிலில் போய் அதிலேயே திரும்பலாம். ஊரின் நடுவே இருக்கிற காட்டுக்குள், மரங்களின் தலை உயரத்தில் நடக்கலாம்.

ஆனால் ஒன்று. இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இளவட்டம். ஹார்பர்ஃபிரண்டில் இறங்கினோம், படியேறினோம், பத்து கிலோமீட்டரையும் முடித்தோம் என்று எழுதுவார்கள். முட்டிவலி உள்ள அம்மாவையும் மூன்று வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அதே வழியில் போனால் முதல் அரை மணி நேரத்திலேயே எல்லோருக்கும் தெம்பு போய்விடும். அதே பாதையை வேறு மாதிரி நடக்கலாம்.

பாதை எங்கிருந்து எங்கே போகிறது

சிங்கப்பூரின் தெற்குக் கரையை ஒட்டிச் சிறு குன்றுகள் வரிசையாக இருக்கின்றன. மவுண்ட் ஃபேபர், தெலுக் பிளாங்கா ஹில், கென்ட் ரிட்ஜ் ஆகிய குன்றுப் பூங்காக்கள், நடுவில் தோட்டக்கலைக்கென்றே உள்ள ஹார்ட்பார்க், கடலோரத்தில் லாப்ரடோர் இயற்கை வனப்பகுதி. இவற்றைப் பாலங்களும் உயர்நடைபாதைகளும் போட்டு இணைத்திருக்கிறார்கள், மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். குன்றுகளுக்கு இடையே ஹெண்டர்சன் சாலையும் அலெக்சாண்ட்ரா சாலையும் குறுக்கே போகின்றன, நீங்கள் அவற்றுக்கு மேலே பாலத்தில் நடந்துவிடுவீர்கள். கீழே பேருந்து ஓடும், நீங்கள் பறவை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வேண்டியது இதில் நடுப்பகுதி: மவுண்ட் ஃபேபரின் உச்சியிலிருந்து ஹார்ட்பார்க் வரை. மூன்றரை, நான்கு கிலோமீட்டர் வரும். தெம்பு இருந்தால் அங்கிருந்து கென்ட் ரிட்ஜ் ஏறி பாசிர் பாஞ்சாங்கில் இறங்கலாம். லாப்ரடோரை இதோடு சேர்க்கவே வேண்டாம், அது தனியாக ஒரு சாயங்காலத்துக்கு.

திசைதான் முக்கியம்

ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டியிலிருந்து மாராங் டிரெயில் என்று ஒரு பாதை மவுண்ட் ஃபேபர் ஏறுகிறது. 800 மீட்டர்தான், ஆனால் பாதிக்கு மேல் படிக்கட்டு, ஈரப்பதத்தில் மூச்சு வாங்கும். அதை விட்டுவிடுங்கள். நேராக உச்சிக்கு வண்டியில் போய்விட்டு, அங்கிருந்து மேற்கு நோக்கி நடங்கள். மவுண்ட் ஃபேபர் இந்த வரிசையில் உயரமான இடம், 100 மீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும். அங்கிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துக்கு இறக்கம், பாலத்துக்கு அப்புறம் தெலுக் பிளாங்கா ஹில்லுக்குச் சின்ன ஏற்றம், பிறகு ஃபாரஸ்ட் வாக் என்கிற உயர்நடைபாதை முழுக்க மெல்லிய இறக்கம். புவியீர்ப்பு உங்கள் பக்கம் இருக்கும். இதே பாதையை ஹார்ட்பார்க்கில் தொடங்கி எதிர்த்திசையில் நடக்கிறவர்களைப் பாருங்கள், மவுண்ட் ஃபேபர் வரும்போது முகமே சொல்லிவிடும்.

எந்த நாள், எத்தனை மணிக்கு

சிங்கப்பூரில் விடிவதே காலை 7 மணிக்குத்தான், வருஷம் முழுக்க அப்படித்தான், பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கம். ஏழரை மணிக்கு உச்சியில் இருந்தால் நல்லது. பத்தரைக்கு மேல் வெயில் ஏறிவிடும், அதற்குள் ஃபாரஸ்ட் வாக்கைக் கடந்திருக்க வேண்டும், காரணம் பின்னால் சொல்கிறேன். நடை மட்டும் என்றால் பெரியவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் ஹார்ட்பார்க் வந்துவிடலாம். தாத்தா பாட்டி, குழந்தை, போட்டோ, டிபன் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம், ஹெண்டர்சன் பாலத்தில் 7 மணிக்கு விளக்கு போடுவார்கள், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இங்கே இடியும் மழையும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், குறிப்பாக ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும். சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் இருந்தால் காலைதான் சரி.

காலையிலும் மழை வரும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் காற்றோடு ஒரு மழை வந்து அடித்துவிட்டுப் போகும், ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் வெறித்துவிடும். அப்படிப் பெய்தால் திட்டத்தைக் கைவிட வேண்டாம், ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள், அன்றைக்கு வானம் மூடியிருக்கும், நடக்க அதுவே சுகம். டிசம்பர், ஜனவரி அப்படியில்லை, நாள் கணக்கில் நச்சரிக்கும். தொடர்மழைக்குப் பிறகு மண்சரிவுக்குப் பயந்து பாதையில் சில பகுதிகளை மூடி வைப்பதுண்டு, ஆகையால் முந்தின நாள் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் ஏதாவது மூடப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முந்தின நாள் ராத்திரி எடுத்து வைக்க வேண்டியவை

தண்ணீர், ஆளுக்கு ஒரு லிட்டர். வழியில் கடை கிடையாது. மவுண்ட் ஃபேபரை விட்டால் ஹார்ட்பார்க் வரை ஒரு பெட்டிக்கடை கூட வராது என்று நினைத்துக்கொண்டே பையைக் கட்டுங்கள்.

காலணி. ஊரிலிருந்து வந்த அம்மாக்கள் பெரும்பாலும் பாத்தா செருப்பில்தான் வருவார்கள். பின்பட்டை இல்லாத செருப்பு இந்தப் பாதைக்கு ஆகாது. மரப்பலகைப் பாலம் மழைக்குப் பிறகு வழுக்கும், ஃபாரஸ்ட் வாக்கில் தரையே இரும்புக் கம்பி வலை. பின்னால் பட்டை வைத்த சாண்டலாவது வேண்டும். புடவை கட்டுகிறவர்கள் கணுக்காலுக்கு ஓர் அங்குலம் மேலே கட்டிக்கொண்டால் படியிலும் வலையிலும் தடுக்காது. சுடிதார் இன்னும் நல்லது.

கொசு மருந்து, தொப்பி, ஒரு சின்னத் துண்டு, குழந்தைக்கு மாற்று உடுப்பு. குடை வெயிலுக்கும் மழைக்கும் ஆகும், ஆனால் கூர்முனை வைத்த நீளக் குடை வேண்டாம், ஊன்றி நடந்தால் கம்பி வலையில் மாட்டும். மடக்குக் குடை போதும்.

சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவது எல்லாவற்றையும்விட உத்தமம், சைவம் சாப்பிடுகிற பெரியவர்கள் இருந்தால் இன்னும். ஆனால் தூக்குவாளியிலோ பிளாஸ்டிக் பையிலோ கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகக்கூடாது. எல்லாம் முதுகுப் பைக்குள், ஜிப் போட்டு. காரணம் குரங்கு.

இந்தக் குன்றுகளில் நீளவால் குரங்குகள் அவ்வப்போது தென்படும். பிளாஸ்டிக் பை சரசரத்தால் உள்ளே தீனி இருக்கிறது என்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும், குழந்தையின் கையிலிருந்தே பிடுங்கும். நம் ஊர்க் கோவில்களில் பழகிய பழக்கத்தில் பாட்டிமார்கள் வாழைப்பழத்தை நீட்டிவிடுவார்கள், ஆஞ்சநேயருக்குக் கொடுத்தது மாதிரி என்பார்கள். இங்கே காட்டு விலங்குக்குத் தீனி போடுவது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அந்த இடத்தில் போய்க் கையைப் பிடித்து இழுத்தால் மனசு வருத்தப்படும். குரங்கு எதிரில் வந்தால் நின்றுவிடுங்கள், கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம், பல் தெரியச் சிரிக்க வேண்டாம், ஓடவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தால் அது பாட்டுக்குப் போய்விடும்.

மேலே போய்ச் சேருவது

இரண்டு வழி. ஒன்று, வீட்டிலிருந்தோ ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டியிலிருந்தோ டாக்சி, அல்லது கிராப் செயலியில் கூப்பிடும் வண்டி. மவுண்ட் ஃபேபர் உச்சி என்று போட்டால் கொண்டுபோய் விடுவார்கள், ஹார்பர்ஃபிரண்டிலிருந்து சில நிமிடம்தான். ஆறு பேர் இருந்தால் பெரிய வண்டியாகக் கேட்டு வாங்குங்கள், ஸ்ட்ரோலரும் (குழந்தைத் தள்ளுவண்டி) வர வேண்டுமே.

இரண்டாவது கேபிள் கார். 1974-லிருந்து ஓடுகிறது, ஹார்பர்ஃபிரண்டிலிருந்து மவுண்ட் ஃபேபர் உச்சியில் இறக்கிவிடும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் குடும்பம் முழுக்க என்றால் டாக்சியைவிடப் பல மடங்கு ஆகும், காலையில் நமக்கு வேண்டிய நேரத்துக்கு ஓடவும் ஓடாது. செந்தோசா போகும்போது அதில் ஏறிக்கொள்ளலாம், இன்றைக்கு டாக்சி.

மவுண்ட் ஃபேபர்

கழிப்பறைக்கு எல்லோரும் இங்கேயே போய்விட்டு வாருங்கள். அப்புறம் ஃபேபர் பாயிண்ட் என்கிற உச்சிக்கு ஏறிப் பாருங்கள், படி கொஞ்சம் உண்டு, முடியாதவர்கள் கீழே பெஞ்சில் உட்காரலாம். ஒரு பக்கம் துறைமுகம், கப்பல்கள், செந்தோசா. மறுபக்கம் கண்ணுக்கெட்டின தூரம் வீவக (அரசு வீட்டு வசதிக் கழக) அடுக்குமாடிகள்.

இந்த இடத்தில் தாத்தாவிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஃபேபர் என்பவர் மதராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த சார்லஸ் எட்வர்ட் ஃபேபர் என்கிற கேப்டன். 1845-ல் இந்தக் குன்றின் உச்சியில் கப்பல்களுக்கான கொடிமரச் சைகை நிலையம் வைப்பதற்காக இவர் சாலை போட்டார், அதுவரை தெலுக் பிளாங்கா ஹில் என்று இருந்த குன்றுக்கு இவர் பேர் வந்தது (இன்று அந்தப் பேரில் இருக்கிற அடுத்த குன்று வேறு). அந்தக் காலத்தில் சிங்கப்பூரின் சாலைகள் பலவற்றை வெட்டிப் போட்ட கைகள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகளுடையவை. 1825-லிருந்து 1873 வரை அவர்கள் இங்கே வேலை வாங்கப்பட்டார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் சிங்கப்பூரைக் கண்ணாடிக் கட்டடமாக மட்டும் பார்த்துவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை, அதனால்தான் இதை நின்று சொல்லுங்கள் என்கிறேன்.

பிறகு ஹெண்டர்சன் வேவ்ஸ் என்று அம்புக்குறி போட்ட பலகைகளைப் பார்த்து இறங்குங்கள். வழியில் குறுக்குப் படிகள் வரும் இடத்தில் ஸ்ட்ரோலரை வைத்திருப்பவரும் முட்டிவலிக்காரரும் மவுண்ட் ஃபேபர் சாலையை ஒட்டியே சுற்றி இறங்கலாம். சற்று நீளம் கூடும், அவ்வளவுதான். இரண்டு குழுவும் பாலத்தின் வாயிலில் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஹெண்டர்சன் வேவ்ஸ்

2008-ல் திறந்த நடைப்பாலம். நீளம் 274 மீட்டர், கீழே ஓடும் ஹெண்டர்சன் சாலையிலிருந்து உயரம் 36 மீட்டர், ஏறக்குறைய பன்னிரண்டு மாடி. சிங்கப்பூரில் நடந்து போகிறவர்களுக்கான பாலங்களில் உயரமானது இதுதான். வளைந்து வளைந்து போகிற ஏழு எஃகு விலா வளைவுகள், தளத்துக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. மேலே எழும்புகிற இடங்களில் அந்த வளைவுக்குள் உட்காருவதற்கு மரத்தாலேயே இருக்கை அமைத்திருக்கிறார்கள். தளம் பாலாவ் என்கிற கெட்டி மரம், தென்கிழக்காசியாவில் கட்டுமானத்துக்கு விளைகிற சாதி.

டிபன் சாப்பிட இதுவே இடம். காலை எட்டு மணிக்கு அந்த வளைவு இருக்கைகளில் நிழல் இருக்கும், காற்று வரும். பெரியவர்களை இரண்டாவது மூன்றாவது வளைவில் உட்கார வையுங்கள். மரப்பலகை சரிவாக எழும்பி நிற்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் மேலே ஓடி ஏறி வழுக்கிக்கொண்டு இறங்கப் பார்ப்பார்கள், அது விளையாட்டுச் சறுக்கு இல்லை, பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். சிராய் ஏறும், அரைக்கால் சட்டை போட்ட பிள்ளைகளுக்குத் தொடையில்தான் முதலில் ஏறும். சாப்பிட்ட பிறகு ஒரு பருக்கை கூட விடாமல் துடைத்து எடுத்துவிடுங்கள், விட்டால் அடுத்து உட்காருகிறவர்களை எறும்பும் குரங்கும் சும்மா விடாது.

யாருக்காவது இதோடு போதும் என்று தோன்றினால் பாலத்திலிருந்து ஹெண்டர்சன் சாலைக்குப் படி இறங்குகிறது, கீழே பேருந்து நிறுத்தம் உண்டு. ஆனால் பன்னிரண்டு மாடி இறங்குவது முட்டிக்கு நல்லதில்லை. அதைவிட மெதுவாக அடுத்த பூங்கா வரைக்கும் வந்து, அங்கே கார் நிறுத்துமிடத்துக்கு டாக்சி கூப்பிடுவது மேல்.

தெலுக் பிளாங்கா ஹில்

பாலம் முடிந்ததும் கொஞ்சம் ஏற்றம். இந்தப் பகுதிக்கு ஹில்டாப் வாக் என்று பேர், நல்ல மரநிழல். உச்சியில் அரைவட்டமாக அடுக்கடுக்காகத் தோட்டம் போட்டிருக்கிறார்கள், கல்யாணப் புகைப்படம் எடுக்க வரும் ஜோடிகளைப் பார்க்கலாம். படியேறத் தெம்பிருந்தால் போங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. இதே குன்றில் அல்காஃப் மாளிகை என்று 1918-ல் கட்டிய ஒரு பழைய வீடும் இருக்கிறது. ஏமன் நாட்டு அரபு வணிகக் குடும்பத்தின் மாளிகை.

முக்கியமான வேலை இங்கே கழிப்பறை. அடுத்தது ஹார்ட்பார்க்கில்தான். குழந்தைக்கு டயப்பர் மாற்றுவதும் இங்கேயே. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு, வானத்தைப் பாருங்கள். மழை மேகமாக இருந்தாலோ தூரத்தில் இடி கேட்டாலோ இதற்கு மேல் நகர வேண்டாம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மை-இஎன்வி செயலியில் மின்னல் எச்சரிக்கை வரும், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உலகத்தில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று, அடுத்து நீங்கள் நடக்கப் போவதோ காட்டுக்கு மேலே திறந்தவெளியில் நிற்கும் இரும்பு நடைபாதை.

ஃபாரஸ்ட் வாக்

இந்த நாளின் சாரமே இதுதான். 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு, தரையிலிருந்து 3 மீட்டரில் தொடங்கி சில இடங்களில் 18 மீட்டர் உயரத்தில், மரக்கிளைகளுக்கு நடுவே எஃகுப் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. இத்தனை வளைவு எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். நேராகப் போட்டால் சரிவு செங்குத்தாகிவிடும், படி வைக்க வேண்டியிருக்கும்; வளைத்துப் போட்டதால்தான் சக்கர நாற்காலியும் ஸ்ட்ரோலரும் படியே இல்லாமல் போக முடிகிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதைப் போட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். நடக்க முடியாத பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மர உச்சிகளுக்கு நடுவே போகிற குடும்பங்களை இங்கே பார்க்கலாம், வேறு எந்தக் காட்டில் இது நடக்கும்?

ஆனால் தரை. கம்பி வலை, கீழே குனிந்தால் காடு தெரியும். சிலருக்குத் தலை சுற்றும், குறிப்பாக முதல் வளைவில் தரை திடீரென்று விலகிக் கீழே போகிற இடத்தில். என் மாமியார் அங்கே கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'நான் இங்கேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க' என்று நின்றுவிட்டார். அவசரப்படுத்தவில்லை. பேரனை அவருக்கு முன்னால் நிறுத்தி, 'பாட்டி, இவன் சட்டைக் காலரையே பாத்துக்கிட்டு வாங்க, கீழ பாக்காதீங்க' என்றதும் மெல்ல நகர்ந்தார், நாலாவது வளைவில் கையை விட்டுவிட்டு அணில் காட்டினார். பார்வையை எதிரில் ஒரு பொருளில் வைப்பதுதான் சூட்சுமம். உங்கள் வீட்டில் உயரப் பயம் அதிகம் உள்ளவர் இருந்தால், இதற்கு இணையாகத் தரையிலேயே போகிற எர்த் டிரெயில் என்ற மண்பாதையும் இருக்கிறது, ஆனால் அதில் ஏற்ற இறக்கம் உண்டு, ஸ்ட்ரோலர் போகாது, மழைக்குப் பிறகு சேறு.

பத்தரைக்குள் இதைக் கடந்துவிட வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? மரங்களின் தலை உயரத்தில் நடக்கிறோம் என்றால் தலைக்கு மேல் நிழல் இல்லை என்று அர்த்தம். பதினொரு மணி வெயிலில் இரும்பு சுடும், கைப்பிடியில் குழந்தை கை வைக்க முடியாது. நடுவில் டாக்சி கூப்பிட்டு ஏறவும் முடியாது. காலை ஒன்பதுக்கு இதே இடம் பறவைச் சத்தத்தோடு குளுகுளு என்று இருக்கும்.

மெதுவாகப் போங்கள். மரத்தின் உச்சியை நேருக்கு நேர் பார்க்க இது ஒரு வாய்ப்பு. சாதாரணமாக அண்ணாந்து பார்த்தாலும் தெரியாத பூவும் காயும் கூடும் இங்கே கண்ணெதிரில் இருக்கும். தேன்சிட்டு வரும். வெள்ளைக் கொண்டை வைத்த சிரிப்பான் குருவிகள் கூட்டமாக வந்து, ஒன்று ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்து கெக்கலிக்கும், பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பதை நிறுத்த மாட்டார்கள். ஒரு கையகல மஞ்சள் பூ பூத்த, பெரிய பெரிய இலை வைத்த புதரைப் பார்த்தால் நிறுத்திக் காட்டுங்கள், அது சிம்போ ஆயர். அந்த இலையில்தான் மலாய்க்காரர்கள் தெம்பேயையும் (புளிக்க வைத்த சோயா உணவு) தின்பண்டத்தையும் பொதிந்து கட்டினார்கள், ஊரில் மந்தாரை இலையில் பொட்டலம் கட்டின மாதிரி.

அலெக்சாண்ட்ரா ஆர்ச், ஹார்ட்பார்க்

ஃபாரஸ்ட் வாக் வந்து முடிவது 80 மீட்டர் நீளமுள்ள அலெக்சாண்ட்ரா ஆர்ச் பாலத்தில். வளைந்து சாய்ந்த ஒற்றை வில், இலை மடிந்தது போல இருக்கும் தளம். பகலில் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள். அந்தப் பக்கம் ஹார்ட்பார்க்.

23 ஹெக்டேர் தோட்டம். கழிப்பறை, நிழல், உட்காரப் பெஞ்சு, பிள்ளைகள் ஓடி விளையாட இடம் எல்லாம் உண்டு. வீட்டுத் தோட்டத்தில் ஆசை உள்ள அம்மாக்கள் இங்கே வந்ததும் மூட்டுவலியை மறந்துவிடுவார்கள், வெண்டையும் கத்தரியும் பந்தலில் பாகலும் பார்த்தால் போதும். பூங்காவில் வாடகைப் பாத்தி எடுத்துக் காய்கறி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள். கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டில் மிச்சத்தை இங்கே பிரித்து வையுங்கள்.

அப்புறம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள், இன்னும் நடக்கத் தெம்பிருக்கிறதா என்று. எல்லோரையும் கூட்டமாக வைத்துக் கேட்டால் பெரியவர்கள், 'எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்' என்பார்கள். பிள்ளைகளுக்காக அப்படிச் சொல்வார்கள், நமக்குத் தெரியும். தனியாகக் கேட்டால்தான் குதிகால் வலிக்கிறது என்பது வெளியே வரும். ஒருவர் தயங்கினாலும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஹார்ட்பார்க் கார் நிறுத்துமிடத்துக்கு டாக்சி வரும், அலெக்சாண்ட்ரா சாலையில் பேருந்தும் உண்டு, லாப்ரடோர் பார்க் எம்ஆர்டிக்குச் சிறிது தூரம்தான்.

அல்லது குழுவைப் பிரித்துக்கொள்ளலாம். பாட்டியும் கைக்குழந்தையும் ஒரு பெரியவரோடு டாக்சியில் பாசிர் பாஞ்சாங் போய் உட்காரட்டும், மற்றவர்கள் நடந்து வந்து சேரட்டும்.

தெம்பிருந்தால்: கென்ட் ரிட்ஜும் புக்கிட் சண்டுவும்

இங்கிருந்து மறுபடியும் ஏற்றம், அதை மறைக்க வேண்டாம். ஏறினதும் கேனபி வாக் என்ற மரப்பாதை, 280 மீட்டர், கம்பி வலை இல்லை, பலகைத்தளம். சுற்றிலும் இருக்கிற காடு ஆதிக்காடு கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் குன்றுகளில் காம்பீரும் மிளகும் பயிரிட்டு மண்ணின் சத்தை உறிஞ்சித் தீர்த்துவிட்டார்கள். காம்பீர் இலையைக் காய்ச்சி எடுக்கிற சத்து தோல் பதனிடப் போனது, வெற்றிலைக்குக் காசுக்கட்டி மாதிரி போடவும் போனது. வளம் செத்த அந்த மண்ணிலும் முளைக்கத் தெரிந்த தியுப் தியுப் போன்ற மரங்கள்தான் தானாக வந்து இப்போது காடாக நிற்கின்றன. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த தாத்தா இருந்தால் இதை ஆர்வமாகக் கேட்பார்.

கேனபி வாக் போய்ச் சேருவது ரிஃப்ளெக்‌ஷன்ஸ் அட் புக்கிட் சண்டு என்கிற பழைய பங்களாவில், இப்போது சிறு போர் அருங்காட்சியகம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை சிங்கப்பூருக்குள் வந்தபோது இந்தக் குன்றில் நின்று சண்டையிட்டவர்கள் மலாய் ரெஜிமெண்டின் வீரர்கள். லெப்டினன்ட் அட்னான் சைடி தலைமையில் இருந்த பிரிவு 14-ஆம் தேதி கடைசி வரை நின்றது, மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது. பஞ்சாபிச் சிப்பாய்களைப் போலத் தலைப்பாகை கட்டி ஜப்பானியர்கள் வேஷம் போட்டு வந்ததாகவும், பிரிட்டிஷ் படையில் மூன்று மூன்று பேராக அணிவகுப்பார்கள், இவர்கள் நான்கு நான்காக வருகிறார்களே என்று அட்னான் கண்டுபிடித்துவிட்டதாகவும் சொல்வார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல், அந்தப் புல்வெளியில் நிறுத்திக் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். உள்ளே போவதானால் அன்று திறந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளே அதிக நேரம் பிடிக்காது.

அங்கிருந்து பெப்பிஸ் சாலை வழியே இறங்கினால் பாசிர் பாஞ்சாங் சாலை. சரிவு கூடுதலான சாலை, ஸ்ட்ரோலரைத் தள்ளுகிறவர் கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, வண்டிக்கு முன்னால் அல்ல, பின்னால் நின்று பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும்.

முடிக்கிற இடம்

பாசிர் பாஞ்சாங் எம்ஆர்டிக்கு எதிரில் உணவங்காடி நிலையம் இருக்கிறது. மீன், சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) எல்லாம் களைகட்டுவது சாயங்காலம்தான், மதியத்தில் பாதிக் கடைகள் மூடியிருக்கும், ஆனால் கரும்புச் சாறும் இளநீரும் கிடைத்தால் அந்த நேரத்துக்கு வேறென்ன வேண்டும். ஹலால் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சான்றிதழ் பார்த்து, சைவக்காரர்கள் எண்ணெயும் குழம்பும் கேட்டு வாங்குங்கள். இறால் கருவாட்டு விழுது போட்ட சம்பல் பல கறிகளில் சத்தமில்லாமல் இருக்கும், பாட்டிக்குத் தெரியாமல் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்குப் போனதும் பெரியவர்களுக்கு வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் கால் வைக்கக் கொடுங்கள், பிள்ளைகளின் கணுக்காலில் கொசுக்கடி பாருங்கள். மறுநாள் முட்டி வீங்கவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து லாப்ரடோருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பெர்லேயர் ஓடையை ஒட்டிச் சதுப்புநில மரங்களுக்கு நடுவே பலகைப் பாதை, கடலோரம் எல்லாம் சமதளமாகவே போகும், பழைய பீரங்கி மேடைகளும் உண்டு. சாயங்காலம் நாலரைக்கு லாப்ரடோர் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் போதும்.